பாதி இறக்கிய ஷட்டர்

எல்விராவைப் போல ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமையை உறிஞ்சிக் குடிப்பதற்கென்றே இத்தாலியின் பதுவை நகரத்தில், எங்கள் பேட்டையில், ஒரு கூட்டம் இருக்கிறது.

அவளுடைய பார் அப்பொலோனியம்மாள் கோவிலின் பக்கச் சுவரை ஒட்டியது. பல்வலிக்காரர்கள் வேண்டிக்கொள்ளும் அந்தப் புனிதைதான் எங்கள் பாதுகாவலி. காலையில் நான் கோவிலைக் கூட்டிப் பூ வைப்பேன். சாயங்காலம் எல்விராவின் அடுப்படியில் இறைச்சி உருண்டை பொரிப்பேன். இரண்டுமே ஆண்டவர் கொடுத்த வேலை.

எல்விரா கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் தன் ஏப்ரனைக் கழற்றி இவள் கழுத்தில் மாட்டிவிட்டாராம். மாமியார் போனார், புருஷனும் போனார், ஏப்ரன் மட்டும் இறங்கவில்லை. யாருக்குக் கசப்பு தூக்கலாக வேண்டும், யாருக்கு ஐஸ் ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட்ஸ் என்கிற ஆரஞ்சு நிறக் கசப்பு மது தானாக முன்னால் வந்து நிற்கும். கூடவே சின்னத் தட்டில் ஆலிவ், நெத்திலி சுருட்டி வைத்த அரை முட்டை, என் உருண்டை.

தொல்லை என்னவென்றால் அந்த ஷட்டர். ஊரெல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கினால் கடை மூடியாச்சு என்று அர்த்தம். இந்தக் கூட்டத்துக்கோ, வெளியாள் தொல்லை இல்லை, இனி நம்ம வீடு என்று அர்த்தம். குனிந்து உள்ளே வந்துவிடுவார்கள். எல்விராவின் அம்மா இறந்த அன்றும் அப்படித்தான் குனிந்து வந்து, துக்கம் விசாரித்து, அழுது, அழுத வாய்க்கு ஆளுக்கொரு கிளாஸ் கேட்டார்கள். அவளும் ஊற்றினாள்!

தம்ளர் கழுவும்போது எல்விரா பாடுவாள். அந்தக் குரல் பீடத்துக்கு உரியது என்று நான் எப்போதும் சொல்வேன். போன வருஷத் திருநாளில் மாலைச் செபத்துக்குத் தனிப்பாட்டைப் பங்குக் குரு எர்மெஸ் சாமி அவளுக்குத்தான் கொடுத்தார். ஆனால் அது சரியாக இவர்கள் குடிக்க உட்காரும் நேரம். ஒருவரையும் கிளப்ப முடியாமல், கடைசி ஆமெனுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். இந்த வருஷம் சாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மணி அடிச்சதும் ஆரம்பிச்சிடுவேன் எல்விரா. நீ வரலைன்னா அடுத்த வருஷம் உன்னைக் கேக்கவே மாட்டேன்."

திருநாள் அன்று வெளியே எலும்பைக் குத்தும் குளிர். எல்விரா நல்ல உடுப்புக்கு மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள். மாலையில் பாடப் போகிறேன், கடை இல்லை என்று மதியமே எல்லோரிடமும் சொல்லியாயிற்று. ஷட்டரும் பாதி இறங்கியாயிற்று. முதலில் குனிந்து வந்தவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒத்தாவியோ. பின்னாலேயே நாயோடு லவினியா, அவள் பின்னால் மற்ற கும்பல்.

"அண்ணே, இன்னிக்கு நான் பாடணும்னு சொன்னேனே!"

"பாடேன் தாயி, யாரு வேணாங்கறா? ஒண்ணே ஒண்ணு ஊத்திட்டுப் பாடு."

"கோவில்ல பாடணும்!"

"கோவில் எங்க போயிடப் போவுது?" என்றாள் லவினியா. "என் நாய் இப்பத்தான் சூடு கண்டு படுத்திருக்கு. அதைப் போய் எழுப்பச் சொல்றியா? பாவமில்லையா?"

"உன் நாய்க்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையாடி?"

"அது குரைக்கறதில்லையே எல்விரா."

எல்லோரும் சிரித்தார்கள். கோவில் மணி அடித்தது. எல்விராவின் முகம் வெளுத்துப்போனது. ஏப்ரனைக் கழற்றி ஒத்தாவியோவின் மடியில் எறிந்தாள். "ஆக்னெஸ், அடுப்பை அணைச்சிட்டு வா" என்றாள் என்னிடம். நாங்கள் இருவரும் குனிந்து வெளியே வந்தோம். அவள் ஷட்டரை ஒரே இழுப்பில் தரைவரை இழுத்துப் பூட்டினாள்.

"எல்விரா, உள்ள மனுஷங்கடி! பாவம் ஒட்டும்!" என்றேன்.

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன், நட."

கோவிலில் நாலைந்து கிழவிகள்தான். அவள் பாடினாள். என் அப்பொலோனியம்மாளே, என்ன குரல்! முதல் சரணம் முடிந்ததும் சனங்கள் பல்லவியைத் திருப்பிப் பாட வேண்டும். கிழவிகள் முணுமுணுத்தார்கள். அப்போது சுவருக்குள்ளிருந்து கனத்த ஆண் குரல்கள் பல்லவியை எடுத்தன. தம்ளரில் கரண்டியால் தாளம் வேறு. எர்மெஸ் சாமி புனிதையின் சுரூபத்தை அண்ணாந்து பார்த்தார். எல்விரா நடுவில் பல்லைக் கடித்தாள், ஆனால் விடாமல் கடைசிவரை பாடி முடித்தாள்.

அவள் கடைசி வரியை நீட்டி நிறுத்தியபோது நான் அழுதுவிட்டேன்.

செபம் முடிந்ததும் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து ஷட்டரைப் பாதி தூக்கினாள். உள்ளே தட்டுகளெல்லாம் காலி. திருநாள் விருந்துக்கு மூடி வைத்திருந்த உருண்டையும் போயிருந்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தார் ஒத்தாவியோ.

"ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டே தாயி" என்றார்.

"வெளிய போங்க! எல்லாரும்!"

ஒருவரும் அசையவில்லை.

"உள்ள வர்றப்ப குனியத் தெரியுதில்ல? வெளிய போக முதுகு வளையாதா?"

"வர்றப்ப தாகம் குனிய வைக்குது" என்றார் ஒத்தாவியோ. "போறப்ப எது குனிய வைக்கும்?"

எல்விரா ஷட்டரை மேலே கடைசிவரை தூக்கி எறிந்தாள். அது முழுசாகத் திறந்தால் பார் திறந்திருக்கிறது என்று அர்த்தம். கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்த கிழவிகள் அதைப் பார்த்தார்கள். எர்மெஸ் சாமியும் பார்த்தார். நேரே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"நல்லாப் பாடினே. அடுத்த வருஷமும் நீதான்" என்றார் சாமி. "எனக்கு ஐஸ் வேண்டாம்."

"அடுத்த வருஷமும் எங்களைப் பூட்டிடு" என்றாள் லவினியா. "உருண்டை மட்டும் கூட வச்சிட்டுப் போ."

எல்விரா ஒத்தாவியோவிடமிருந்து ஏப்ரனைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டினாள்.

"ஆக்னெஸ்," என்றாள், "எண்ணெயைச் சுட வை."