அம்மா சும்மா இருந்த நேரம்

அத்தையின் படங்களைப் பற்றி இன்று பெரிய ஆட்கள் எல்லாம் எழுதுகிறார்கள். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்களை வரைந்தவள், அவர்களுடைய கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் கட்ட ஓர் இடம் கேட்டு ஆபீஸ் வாசலில் அவர்களோடு உட்கார்ந்தவள் என்று. அவள் முடிக்காமல் விட்ட ஒரு படம் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அது முடியாமல் போனதற்குக் காரணம் நான்.

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இரண்டு வருஷம் முந்திய கோடை அது. அப்பாவின் தங்கையான அத்தை, திருவனந்தபுரத்தில் சித்திரம் படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்குக் கருங்கல்லுக்கு வந்திருந்தாள். வந்ததும் அம்மாவை வரைய வேண்டும் என்றாள். அம்மா வெட்கப்பட்டு, ஒருவழியாகச் சம்மதித்து, மடியில் ஒரு முறம் பயறோடு வந்து உட்கார்ந்தாள்.

“பயறு வேண்டாம் மைனி. கையில ஒண்ணும் வேண்டாம். சும்மா இரியுங்க.”

“சும்மா இருக்கதுக்கு எனக்கென்ன தீனமா, நோவா, பிள்ளே?”

முறத்தைப் பிடுங்கினால் சேலையில் நூல் பிரித்தாள். அதையும் தடுத்தால், உலை கொதிக்கிறது என்று எழுந்துவிட்டாள். அப்பாவுக்கு வெந்நீர், மாட்டுக்குக் காடி, வாசலில் மீன்காரி. மூன்று நாள் இப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அத்தை திரும்ப வேண்டும். சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி மக்கா, அரை மணிக்கூர் ஒருத்தரும் உங்கம்மையைக் கூப்பிடப்பிடாது. நீதான் காவல், கேட்டியா?”

எட்டு வயதில் கிடைத்த உத்தியோகம், விடுவேனா? மீன்காரியிடம் அம்மா ஊரில் இல்லை என்று கூசாமல் புளுகினேன். அப்பா கூப்பிடுமுன்பே வெற்றிலைச் செல்லத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். பிறகு பெருமையோடு அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

அம்மாவின் கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பலாமரத்தைத் தவிர ஒன்றுமில்லை. அது எனக்குத் தெரியாத முகம். யாரோ ஒரு சின்னப் பெண் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“எம்மா, பசிக்கு” என்றேன்.

அம்மா உடனே எழுந்து அடுப்படிக்குப் போனாள். அத்தை என்னைத் திட்டவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள். மறுநாள் போய்விட்டாள்.

அந்தப் படம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உதடு வரைந்திருக்கிறாள், கண் வரையவில்லை. அந்தக் கண்ணை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிடமாட்டோமா என்று இந்த வயதிலும் ஏங்குகிறேன். அம்மா இருந்தவரைக்கும் ஜாடையாக அவள் முகத்தைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். அந்தச் சிரிப்பு திரும்பி வரவேயில்லை.

உண்மையில் அன்று எனக்குப் பசிக்கவில்லை. நாங்கள் யாரும் இல்லாத ஓர் இடத்துக்கு அம்மா சற்றுநேரம் போயிருந்தாள். அவளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.