விட்ஃபீல்ட் வீட்டுச் சம்பந்தம்

1998 ஜூன், வியாழக்கிழமை காலை

ஹீத்ரோ விமான நிலையத்தில் என் தங்கை தவமணி அழுதுகொண்டு நின்றாள். பத்து வருடத்துக்கு மேலாகக் காணாத அக்காவைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன். காரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் கண்ணீரில் என் பங்கு பாதிகூட இல்லை என்று.

காரை ஓட்டியவர் அவளுடைய கணவர் சிவநேசன். நல்ல மனிதர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். ஹீத்ரோ லண்டனுக்கு மேற்கே, அவர்களுடைய மனோர் பார்க் கிழக்கே. இடையில் முப்பது மைலுக்குக் கிட்ட. அவ்வளவு தூரமும் ஒரே கதைதான்.

அவர்களுடைய ஒரே பிள்ளை கவிதா மருந்தாளராக வேலை செய்கிறாள். ஜேம்ஸ் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயப் பெடியனை விரும்பியிருக்கிறாள். அந்த விஷயம் எனக்குக் கொழும்பிலேயே தெரியும். சிவநேசன் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சம்மதித்ததும் தெரியும்.

“வெள்ளைக்காரன் எண்டதை நான் ஒருமாதிரி விழுங்கிப்போட்டன், மச்சாள்,” என்றார். “பெடியன் தங்கம். இடியப்பத்தைக் கையாலதான் சாப்பிடுவான். ஆனா சம்பந்தம் எண்டால் தாய்வழி, தகப்பன்வழி விசாரிக்க வேணுமே? போன மாசம் சாப்பாட்டில இருக்கேக்க, அம்மாவின்ர பிறந்த வீட்டுப் பேர் என்ன தம்பி எண்டு கேட்டன். அதுவும் விட்ஃபீல்ட்தானாம்! கலியாணம் கட்ட முதலே விட்ஃபீல்டாம்! சிரிச்சுக்கொண்டு சொல்லுறான்.”

“அதுக்கென்ன?” என்றேன்.

“அதுக்கென்னவோ? ஒரே குடும்பப் பேர் எண்டால் ஒரே வம்சம். தாயும் தகப்பனும் அண்ணன் தங்கச்சி முறை, மச்சாள். சகோதரத்துக்குள்ள கட்டினவை. மச்சான் மச்சாள் எண்டாலாவது பரவாயில்லை. அந்த வீட்டில நான் எப்பிடிச் சம்பந்தம் செய்யிறது?”

பின் ஆசனத்தில் தவமணி மூக்கை உறிஞ்சினாள். “இவர் தாரை வார்க்காட்டில் தனக்குக் கலியாணமே வேண்டாம் எண்டு அவள் சொல்லிப்போட்டாள், அக்கா. களவாப் போய்க் கட்டவும் மாட்டாளாம். அந்தப் பெடியன் வாடிப்போய்த் திரியிறான்.”

“நீங்கள் மூத்தவ. நீங்கள் ஒரு சொல் சொன்னால் பிள்ளை கேக்கும்,” என்று சிவநேசன் முடித்தார். எனக்கு விமானச் சீட்டு அனுப்பியதன் காரணம் அப்போதுதான் வெளித்தது. நல்ல கோபம் வந்தது. கண்ணால் பாராத குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை

மனோர் பார்க் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே முகமாக நிற்கின்றன. இலக்கத்தைப் பாராமல் போனால் அடுத்த வீட்டில் போய்த் தேநீர் குடிக்கவேண்டியதுதான். முருகன் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். திரும்பி வரும்போது தபால்காரர் வாசலில் நின்றார். இந்த வீட்டுக்கு வரும் தபாலில் இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். சிவநேசனுக்கு அவருடைய தகப்பன் பெயரான கந்தையா. தங்கைக்கும் கவிதாவுக்கும் சிவநேசன் என்பதே குடும்பப் பெயர். முன்பு ஒரு வங்கியில் சிவநேசனையும் கவிதாவையும் பார்த்து, நீங்கள் இருவரும் உண்மையிலேயே தகப்பனும் மகளுமா என்று கேட்டார்களாம். “எங்களைப் பாத்து ஒண்டுக்கொண்டு சொந்தமில்லை எண்டு நினைக்கிறாங்கள்,” என்று சிவநேசன் இன்றும் கொதிக்கிறார். அதே பிழையை மறுபக்கமாகத் தானும் விடுகிறார் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை.

மாலையில் ஜேம்ஸின் தாய் மார்கரெட் தொலைபேசியில் வந்தார். கவிதா அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மனிசி ஏசப் போகிறார் என்று நான் பயந்தபடி கதைத்தேன். அவரோ சிரித்தார். விட்ஃபீல்ட் என்ற பெயருடையவர்கள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்களாம். இந்த வருடம் நாளைக்கு, லண்டனிலேயே, ஹோல்போர்ன் பக்கத்துத் தேவாலய மண்டபம் ஒன்றில். “கவிதாவின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் விசாரிக்கலாம்,” என்றார்.

சனிக்கிழமை, காலை ஒன்பது மணி

கவிதாவுக்கு வேலை. தவமணி வரமாட்டேன் என்றுவிட்டாள், அவளுக்கு நெஞ்சு படபடக்கிறதாம். நானும் சிவநேசனும் புறப்பட்டோம். ரயிலில் போனால் சுருக்காகப் போகலாம் என்றார் அவர். நான் பிடிவாதமாக இருபத்தைந்தாம் இலக்க மாடி பஸ்சில் ஏறினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் படிப்பித்தவள் நான். நிலத்துக்குக் கீழே போய் ஒரு நகரத்தைப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மேல்தட்டின் முன் ஆசனம் கிடைத்தது. மரக்கிளைகள் கண்ணாடியில் உரச, பஸ் ஸ்ராட்ஃபோர்ட், போ, மைல் எண்ட் என்று நகர்ந்தது. வைற்சப்பலில் வங்காளிகளின் சந்தை. வீதியோரம் மாம்பழப் பெட்டிகளும் பாகற்காய்க் குவியலும். எனக்கு இறங்கி விலை கேட்க வேண்டும்போல் இருந்தது.

எங்கள் வாயில் விட்ஃபீல்ட் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததைக் கேட்டு, அடுத்த ஆசனத்தில் இருந்த ஜமெய்க்கா அம்மா ஒருவர் என்ன விஷயம் என்று விசாரித்தார். நான் சொன்னேன். சிவநேசன் முழங்கையால் இடித்தார். நான் நிறுத்தவில்லை.

அந்த அம்மா உடம்பு குலுங்கச் சிரித்தார். “என் பெயர் கேம்பெல். சுத்தமான ஸ்கொட்லாந்துப் பெயர். நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. என் முன்னோரை விலைக்கு வாங்கியவனின் பெயர் அது,” என்றார். பிறகு சிவநேசனைப் பார்த்து, “பெயர் வேறு, இரத்தம் வேறு ஐயா,” என்றார். ஓல்ட்கேட்டில் இறங்கும்போது கல்யாணம் நல்லபடி நடக்க வாழ்த்திவிட்டுப் போனார்.

பத்தரை மணி

மண்டப வாசலில் ஆளுக்கு இரண்டு பவுண், தேநீரும் கேக்கும் சேர்த்து. உள்ளே நூற்றுக்கு மேற்பட்டவர்கள். எல்லாருடைய சட்டையிலும் பெயர் அட்டை, அதில் முதற்பெயர் மட்டும். அதற்குக் கீழே ஊரின் பெயர். குடும்பப் பெயரை எழுதி என்ன பயன்? மண்டபம் முழுக்க அதே ஆட்கள்தானே! உயரமானவர், கட்டையானவர், செம்பட்டைத் தலை, கருந்தலை, மொட்டைத் தலை என்று எல்லா அச்சிலும் விட்ஃபீல்ட்கள் இருந்தார்கள்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, “கசின்! எப்படிச் சுகம் கசின்?” என்றார்கள்.

சிவநேசனுக்கு முகம் வெளிறிவிட்டது. “பாத்தியளே மச்சாள்? தங்கட வாயாலேயே சொல்லுறாங்கள். எல்லாம் ஒரே சொந்தம்! வாங்கோ போவம்.”

“தம்பி, சும்மா இரும்,” என்றேன். “நேற்று மரக்கறிக் கடையில நிண்ட ஆளை நீர் அண்ணை எண்டு கூப்பிட்டனீர். அவர் உமக்கு என்ன முறை?”

“அது மரியாதைக்கு…”

“இதுவும் அப்பிடித்தான்.”

அப்போது மார்கரெட்டும் கணவர் பீட்டரும் வந்து கை கொடுத்தார்கள். மார்கரெட் பாடசாலையில் உயிரியல் படிப்பிப்பவர். பீட்டர் அதிகம் பேசாதவர், ஆனால் தட்டில் கேக் முடிந்தால் உடனே இன்னொரு துண்டு வைக்கிறவர். அவர்களுக்குப் பின்னால் ஜேம்ஸ், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகத்தோடு.

என் காதுக்கு இன்பமாக இருந்தது இன்னொன்று. அங்கே இருவர் புதிதாகச் சந்தித்தால் கேட்கும் முதற் கேள்வி, “நீங்கள் எந்த விட்ஃபீல்ட்? கென்ட்டா, வடக்கா?” யாழ்ப்பாணத்தார் இருவர் எங்கே சந்தித்தாலும், எந்த ஊர், ஆரின்ர பிள்ளை என்று தொடங்குவது அப்படியே ஆங்கிலத்தில்! எனக்கு அந்த மண்டபம் உடனே பிடித்துப்போயிற்று.

பதினொன்றரை மணி

சுவரில் இங்கிலாந்தின் பெரிய வரைபடம். விட்ஃபீல்ட்கள் வசிக்கும் இடமெல்லாம் குண்டூசி. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனேன். ஊசிகள் எங்கும் பரவியிருந்தாலும் வடக்கே நோர்தம்பர்லாந்தில் ஒரு கூட்டம், நடுநாட்டில் ஒன்று, தென்கிழக்கே கென்ட்டில் ஒன்று என்று தனித்தனியாக மொய்த்தன. ஒரு விளக்கிலிருந்து பரவிய வெளிச்சம் இப்படி இருக்காது.

“அறுநூறு, எழுநூறு வருடத்துக்கு முன் எங்களுக்கும் நிலையான குடும்பப் பெயர் இல்லை,” என்றார் மார்கரெட். “உங்களைப் போலத்தான். ஜோனின் மகன் என்றால் ஜோன்சன். அவனுடைய மகனுக்கு வேறு பெயர். பிறகு பெயர்கள் அப்படியே உறைந்துவிட்டன. விட்ஃபீல்ட் என்றால் வெள்ளை வெளி. அது ஊரின் பெயர். ஊரிலேயே இருந்தவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. ஊரைவிட்டுப் போனவனுக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் விட்ஃபீல்ட் என்று ஓர் ஊர் இல்லை, பல ஊர்கள். பீட்டருடைய ஆட்கள் நோர்தம்பர்லாந்து. நாங்கள் கென்ட்.”

“அதுக்கும் முந்தி எல்லாரும் ஒரே ஆளின்ர பிள்ளையளா இருந்தால்?” என்று சிவநேசன் கேட்டார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டி வரவில்லை, அவரே சொல்லிவிட்டார்.

மார்கரெட் கோபிக்கவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் குரோமோசோம் ஒன்று உண்டு என்றார். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்து, இரண்டு ஆண்களுக்கு ஒரே பாட்டனா என்று இப்போது பார்க்க முடியுமாம். பெயர் ஒன்றாக இருந்தும் இரத்தம் வேறாக வரலாம். தாயின் பெயரை எடுத்த பிள்ளை, தத்தெடுத்த பிள்ளை என்று இடையில் எத்தனையோ நடந்திருக்கும். “என் தம்பியும் பீட்டரும் வாயைத் திறந்தால் போதும். உங்களுக்கு அது வேண்டுமென்றால் செய்கிறோம்,” என்றார்.

பிறகு சற்றுத் தயங்கி, “என் அம்மாவும் இதையேதான் கேட்டார்,” என்றார். “பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது விட்ஃபீல்ட் என்று கூப்பிட்டார்கள். நானும் எழும்பினேன், இவரும் எழும்பினார். அப்படித்தான் பழக்கம். அம்மா அழுதார், சொந்தத்துக்குள் கட்டாதே என்று. இவருடைய ஊரைக் கண்ணால் காணாமல் சம்மதிக்க மாட்டேன் என்றார். பீட்டர் அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார்.”

“மழை,” என்றார் பீட்டர். அன்று அவர் பேசியதில் எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு சொல்தான்.

சிவநேசன் படத்தின் முன்னால் அசையாமல் நின்றார். வடக்கு ஊசிகளைப் பார்த்தார், தெற்கு ஊசிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இளகுவதை நான் கண்டேன்.

“புதுக்குடியிருப்பு,” என்றார்.

“என்ன தம்பி?”

“முல்லைத்தீவில ஒரு புதுக்குடியிருப்பு. மட்டக்களப்பில ஒண்டு. மன்னாரில ஒண்டு. மச்சாள், நான் படிக்கேக்க விடுதியில ரெண்டு பெடியள் இருந்தவங்கள். ரெண்டு பேரையும் புதுக்குடியிருப்பான் எண்டுதான் கூப்பிடுவம். ஒருத்தன் முல்லைத்தீவு, மற்றவன் மட்டக்களப்பு.” அவர் குரல் இறங்கியது. “முல்லைத்தீவான்ர தங்கச்சியை மட்டக்களப்பான் கட்டினவன். நான்தான் மாப்பிள்ளைத் தோழன்.”

நான் சிரிப்பை அடக்கமுடியாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. மார்கரெட்டுக்கு அந்தக் கதை முழுவதையும் ஆங்கிலத்தில், கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பிறகு ஜேம்ஸிடம் போய், இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்தார். பஞ்சு வேண்டாம் என்றார். அந்தப் பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. எனக்குந்தான்.

பிற்பகல் மூன்று மணி

மண்டபத்தைவிட்டு வரும்போது நினைத்ததைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்திவிட்டது. சிவநேசன் மேசை மேசையாகப் போய் எல்லாரோடும் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கேக் சாப்பிட்டபடி பீட்டரோடு சந்தோஷமாக மௌனம் காத்தேன். சம்பந்தம் விசாரிப்பது எங்களுக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்து இத்தனை வருடம் வெட்கப்பட்டிருக்கிறேன். கென்ட்டில் ஒரு தாய் அதற்காக மழையில் நனைந்திருக்கிறாள் என்று கேட்டபோது, இந்த நாட்டோடு எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது.

ஹோல்போர்ன் மூலையில் சிவப்புத் தொலைபேசிக் கூடு ஒன்றைக் கண்டதும் சிவநேசன் கவிதாவின் வேலையிடத்துக்கு எடுக்க உள்ளே ஓடினார். கதவை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பிள்ளை, அப்பா கதைக்கிறன்… ஓம், பாத்தாச்சு… ஓம், ஓம். அழாதை. ஆடி கழிய ஆவணியில நாள் பாப்பம். தாரை நான்தான் வார்ப்பன், வேற ஆர் வார்க்கிறது? இஞ்சை கேள், ஒரு விஷயம். கலியாணத்துக்குப் பாத்த மண்டபம் காணாது, பெரிசா எடுக்க வேணும்.” அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “விட்ஃபீல்ட் அவ்வளவு பேரையும் வரச்சொல்லிப்போட்டன்.”