பொரி தின்னாத மீன்

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது தங்கள் மீன் தொட்டியை என் பொறுப்பில் விட்டுப் போனார்கள். "காலையில ஒரு ஸ்பூன் போட்டா போதும் சார்" என்று ஒரு டப்பாவும் கொடுத்தார்கள். மூடியைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். டப்பாவின் மேல் பொடி எழுத்தில் என்னென்னவோ அச்சிட்டிருந்தது. நான் படிக்கவில்லை. வெந்த பட்டுப்புழுவின் வாசனை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. அதன்பிறகு செங்கல் சூளை, லாரி கிளீனர் வேலை, பிறகு மைசூர்ப் பக்கத்தில் பட்டு நூல் எடுக்கும் ஒரு கொட்டகை. கொதிக்கிற தண்ணீரில் கூடுகளைப் போட்டு நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். விரல்கள் ஊறி வெளுத்துப்போகும். சோறு பிசைந்தால் குழம்பின் காரம் விரல் நுனியில் எரியும். நூல் முழுக்க உருவி வந்த பின் உள்ளே புழு பழுப்பாக, சுருண்டு, வெந்து கிடக்கும். அதைக் காயவைத்துக் கோழித் தீனிக்கு விற்பார்கள். ஒரு மழைக்காலம் இருந்தேன், காய்ச்சல் வந்தது, கிளம்பிவிட்டேன்.

அந்தப் பட்டு போகிற வழியிலேயே நானும் போய்க் காஞ்சிபுரத்தில் இறங்கினேன். எழுபதுகளின் தொடக்கம். ஒரு பட்டு வியாபாரி வீட்டில் வேலை கிடைத்தது. தறிக்காரர்கள் வீடுகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொண்டுபோய்க் கொடுப்பது, நெய்த புடவையை வாங்கிவருவது. படுக்கை, வீட்டோடு சேர்ந்த கடையின் பின்கட்டில். வீட்டுச் சாப்பாடு. சுத்த சைவம், ஆனால் வயிறு நிறைய.

முதலாளியின் ஒரே மகள் குமுதா, ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பிறந்த குழந்தை தங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. தட்டு வைத்தபடியே திரும்பி வரும். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார், கோயிலில் மந்திரித்தார்கள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன், பதில் வராது.

சின்ன வயதில் அவள் மதராஸில் ஏதோ ஓட்டலில் மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்றாளாம். அதை நினைத்துக்கொண்டு முதலாளி ஒருநாள் மதராஸுக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியையும், கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள் போட்ட உள்ளங்கை அகல மீன் ஒன்றையும் காரில் வைத்துக் கொண்டுவந்தார். கூடத்தில் அவளுக்கு எதிரே வைத்தோம்.

"இது இன்னா துன்னும் மொதலாளி?" என்று கேட்டேன்.

"எல்லாம் துன்னும்னு சொன்னாம்பா கடக்காரன்" என்றார்.

அந்த வீட்டில் 'எல்லாம்' என்றால் என்னவென்று கடைக்காரனுக்குத் தெரியாது. கோயில் குளத்தில் பொரி போட்டால் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறும். காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு மீன் என்பது பொரி தின்கிற ஜீவன். பொரி போட்டார்கள். மிதந்து ஊறிக் கரைந்தது. நெய்ச்சோறு போட்டார்கள். சுண்டல் போட்டார்கள். மீன் மூலையில் தொட்டியின் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நிறம் மங்கிக்கொண்டு வந்தது. கணக்குப்பிள்ளை தினம் வந்து எட்டிப்பார்த்து, "இன்னிக்கும் ஏகாதசியா?" என்பார். கூடத்தில் சிரிப்பு எழும்.

குமுதா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காலையில், நான் அழுக்குத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோது, பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"என் எதிர்ல எது இருந்தாலும் தங்காதுபா. எடுத்துக்கினு போயிடச் சொல்லு."

அவள் அம்மா சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அந்த மீன் செத்தால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அதன் வாயைப் பார்த்தவுடனேயே தெரிந்தது, அது துரத்திப் பிடித்துத் தின்கிற சாதி. ஆனால் அந்த வீட்டில் எறும்பைக்கூட விசிறியால்தான் தள்ளுவார்கள். மண்புழுவோ குட்டி மீனோ கொண்டுவந்தால் அன்றைக்கே என் சாப்பாடு முடிந்தது. கொல்லவும் கூடாது, மீனும் சாகக்கூடாது. அப்போதுதான் மைசூர்க் கொட்டகை நினைவுக்கு வந்தது. அந்தப் புழு ஏற்கெனவே செத்தது.

பெங்களூரிலிருந்து பட்டு ஏற்றிவரும் லாரியின் கிளீனர் எனக்குப் பழக்கம். நூல் கொட்டகையில் காய்ந்த புழு வாங்கிவா என்று கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னாபா, கோழிப் பண்ண வெக்கிறியா?" என்றான். அடுத்த நடையில் பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். திறந்ததும் எனக்கு விரல் எரிந்தது, சத்தியமாக.

ஊறவைத்து ஒன்றைப் போட்டேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடாத எதையும் அது உணவென்று நினைக்கவில்லை. தொட்டியின் மூன்று பக்கமும் பழைய துணியைப் போட்டு மூடினேன், ஆள் நடமாட்டம் கண்டு மிரளாமல் இருக்கட்டும் என்று. பிறகு கழிவுப் பட்டிழை ஒன்றை எடுத்துப் புழுவைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டு இழுத்தேன். மீனின் கண் அசைந்தது. உடம்பு அசையவில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடியும் கண் மட்டும்.

"அப்டி இழுக்காதபா."

குமுதா எழுந்து வந்திருந்தாள்.

"ஒரே சீரா இழுக்கிற. பயந்துபோனது அப்டி ஓடாது. ஓடும், நிக்கும், திரும்பிப் பாக்கும், மறுபடி ஓடும்."

இழையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் விரலில் புழு நடுங்கியது, நின்றது, ஒரு விரற்கடை ஓடியது, நின்றது. மீனின் பின்துடுப்பு மெல்ல அலைந்தது. அப்புறம் டப் என்று ஒரு சத்தம், அவள் முகமெல்லாம் தண்ணீர். இழை அறுந்து நுனி மட்டும் கையில் இருந்தது. அவள் கூவிவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது.

கூவல் கேட்டு அம்மா ஓடிவந்தாள், பின்னாலேயே முதலாளியும். டப்பாவைப் பார்த்தாள்.

"புழுவா? எங்கடா புடிச்ச? இந்த வூட்ல உசுரக் கொல்லலாமா?"

"நான் கொல்லலமா. செத்துதான் வந்துது."

"எங்க செத்துது?"

நான் டப்பாவை மூடப் போனேன். குமுதா என்னைப் பார்த்தாள். "சொல்லுபா."

சொன்னேன். கூடு, கொதிக்கிற தண்ணீர், உருவி எடுக்கிற நூல். அம்மா நம்பவில்லை. "புழு ரெக்க மொளச்சிப் பறந்துபோனப்புறம்தான் கூட்ட எடுப்பாங்க. எங்க மாமியார் அப்டித்தான் சொல்லிக்கீறாங்க" என்றாள். தலைமுறையாகப் பட்டு விற்ற வீடு அது. ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து அறுபடாத இழை வராது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றவேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். அம்மா முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையில் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும்.

அன்று மதியம் குமுதா தயிர்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதன்பின் தினமும் காலையில் மீனுக்கு அவளே இழை கட்டிக் காட்டுவாள். அது தின்ற பிறகு தானும் உட்கார்ந்து சாப்பிடுவாள். கன்னம் தேறியது. மீனும் கறுப்பும் நெருப்புமாக மின்னியது. கணக்குப்பிள்ளை வேறு வேடிக்கை தேடிக்கொண்டார். ஆனால் அவள் பட்டு உடுத்துவதை விட்டுவிட்டாள். அம்மா எடுத்து வைப்பாள், அவள் மடித்துப் பெட்டியில் வைப்பாள். ஆரணியிலிருந்து புருஷன் வீட்டார் அழைத்துப்போக வந்த நாளில் அரக்கும் மயில்கழுத்து நிறமும் சேர்ந்த பட்டுப்புடவை ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். குமுதா நீலப் பருத்தி நூல் புடவையில் வந்து நின்றாள். பட்டுக்காரர் வீட்டுப் பெண். வந்தவர்கள் தங்களை அவமதித்ததாக நினைத்தார்களோ என்னவோ, காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். மறுபடி அழைக்க வரவில்லை.

"சாப்ட வந்தவன் என் வூட்ல புழுவ உட்டுட்டியேடா" என்றாள் அம்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் முதலாளி என்னைப் பின்கட்டுக்கு வந்து பார்த்தார். புது வேட்டி ஒன்று கையில். "கொழந்த சாப்டுதுபா" என்றார். வேட்டியை என் கையில் வைத்தார். "ஆனா நீ இங்க இருக்க வேணாம்." மீதிப் புழு டப்பாவை அவளுடைய அறை வாசலில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். நான் செய்தது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று அப்போதும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. இன்றும் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் ஏதோ பெரிய கடைக்கு வண்டி நிறுத்துகிறார்கள். கூடம், பின்கட்டு, கஞ்சியும் சாயமும் கலந்த அந்தக் கடை வாசனை, ஒன்றுமில்லை. எதிரே டீக்கடைக்காரரிடம் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்கல்லாம் போயிட்டாங்களே" என்றார்.

"அந்தப் பொண்ணு?"

"எது, நூல் பொடவ கட்டிக்கினு இருக்குமே, அதுவா? அது இருந்துதுபா ரொம்ப நாளு. கடைசிவரைக்கும் அதான் தனியா இருந்துது. கூடத்துல இன்னாவோ ஒரு கண்ணாடித் தொட்டி வெச்சிக்கினு."

டீயைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது.

இப்போது எழுந்துபோய் டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டு மீன்களுக்கு ஒரு ஸ்பூன் போட்டேன். டப்பாவைத் தட்டிய சத்தத்துக்கே எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. எந்தப் புழு, எங்கே வெந்தது, யார் விரல் எரிந்தது, எல்லாம் அரைத்து ஒரே உருண்டையாக வந்துவிடுகிறது. இழை தேவையில்லை. பயந்துபோனது எப்படி ஓடும் என்று தெரிந்த ஒருத்தி பக்கத்தில் வந்து நிற்கவும் தேவையில்லை.