கடல் மணலில் மினுக்கிய போத்தல்கள்

நசீறா ராத்தாவைப் பற்றி எழுதுவதென்றால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். வேறு வழியில்லை.

அவர் வடமேற்குக் கரையோரத்து மறிச்சுக்கட்டிக்காரி. தொண்ணூறில், போரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, பன்னிரண்டு வயதில் ஊரோடு சேர்ந்து வெளியேறியவர். புத்தளத்தில் அகதி முகாமிலும் வாடகை வீட்டிலுமாக இருபத்திரண்டு வருடம் போனது. 2012இல், காடு பத்திக் கிடந்த காணிக்குத் தனியாகத் திரும்பி வந்து ஒரு தகரக் கொட்டில் போட்டார். அதே ஊரில் பிறந்த கணவர் ஜமால்தீன் புத்தளத்திலேயே ஓட்டோ ஓடிக்கொண்டு நின்றுவிட்டார். "குளம் எப்பிடிக் கிடக்கெண்டு பாரு. தண்ணி உவராகாம இருந்தா வந்து வயல் செய்வம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ராத்தா நாலு வருடம் இருந்தார். பின்னேரங்களில் பஸ் வரும் பக்கம் பார்த்துத்தான் கதிரையைப் போடுவார். கேட்டால், காற்றுக்கு என்பார். புத்தளத்தில் இருந்தபோது ஊருக்கு ஏங்கினார், ஊருக்கு வந்தபின் அந்த மனுசனுக்கு ஏங்கினார். இரண்டும் ஒரே இடத்தில் அவருக்கு வாய்க்கவேயில்லை.

நான் அன்ரோனெற், அதே கரையோரத்துப் பேசாலைக்காரி. பல்கலைக்கழகத்தில் குளத்துப் பாசிகளை ஆராய்கிறவள். தண்ணீருக்குள் கிடக்கும் கல்லில் வழுவழுப்பாகப் படிந்திருக்குமே, அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி போல ஓர் ஓடு. நல்ல தண்ணீரில் ஒரு வகை வளரும், அழுக்கில் இன்னொரு வகை, உவரில் வேறொன்று. எந்த ஓடு அதிகம் என்று எண்ணிப் பார்த்தே குளத்தின் சுகத்தைச் சொல்லிவிடலாம்.

2016இல் ஊர்க் குளத்தை ஆராயப் போனபோது ராத்தாவை உதவிக்கு வைத்துக்கொண்டேன். மாதத்துக்கு ஒருமுறை பல்விளக்கும் பிரஷ்ஷால் கல்லைச் சுரண்டி, வந்ததைப் போத்தலில் போட்டு எனக்கு அனுப்புவதுதான் வேலை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மிஸ், குளம் சுகமெண்டு எழுதி ஒரு கடுதாசி தருவீங்களா? அவருக்கு அனுப்பத்தான்."

மூன்று மாதப் போத்தல்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். குளத்துப் பாசிகளுக்கு நடுவே கடலில் வாழும் வகைகள் தாராளமாகக் கிடந்தன. உப்பளக்கும் மீட்டரோ தண்ணீரில் உப்பில்லை என்றது. ராத்தாவும் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி மிஸ்" என்றார். படித்தவள் நான் விடுவேனா?

"இண்டைக்கு இருக்கிற தண்ணி இண்டைய கதையத்தான் சொல்லும் ராத்தா. போன மாசங்களின்ர கதை பாசிக்குத்தான் தெரியும். வறட்சியில கடல் உள்ளுக்கு வந்திருக்கு."

அப்படியே கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினார். "அப்ப பொறுத்துப் பாப்பம்" என்று பதில் வந்தது. அதன் பிறகு பின்னேரங்களில் கதிரை வெளியே வரவில்லை.

அடுத்த வருடம் ஒருநாள் சொல்லாமல் போய் இறங்கினேன். ராத்தா கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்து, என் போத்தல்களுக்குள் மணல் போட்டு, அதே பிரஷ்ஷால் பளபளவென்று மினுக்கிக்கொண்டிருந்தார்.

"இது எங்கத்தை மண் ராத்தா?"

"கடக்கரை மண், மிஸ். அலை அடிக்கிற இடத்து ஈரமண்தான் நல்லா ஊத்தை எடுக்கும். உங்கட கைக்கு வாற போத்தல அழுக்காத் தரலாமா?"

 எங்கள் கரையில் சட்டிபானை மினுக்குவது அந்த மணலால்தான். பேசாலையில் என் அம்மாவும் அதைத்தான் செய்தார். ஈரமணலில் கடலின் பாசி ஓடுகள் அப்பிக் கிடக்கும் என்று படித்தவள் நான்தான். போத்தலை எதால் கழுவுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதிய பிரஷ், புதிய போத்தல், என் கையாலேயே சுரண்டினேன். ஓர் ஓடுகூடக் கடலுடையதில்லை. எல்லாம் நல்ல தண்ணீர்ப் பாசி. இரண்டு கிழமையில் புதுக் கடிதத்தோடு ராத்தாவிடம் ஓடினேன். அவர் வாசித்துவிட்டு அங்கேயே கணவருக்கு அழைப்பெடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார்.

"குளத்தில உப்பே இல்லையாம். மிஸ் முன்னுக்கு இருக்கிறா. வயல் செய்யலாமாம்."

அந்தப் பக்கம் ஓட்டோ எஞ்சின் நின்றது. 

"அப்பிடியா, நல்லம்" என்றார் ஜமால்தீன். "யானை வருதாமே?"

"யானை அந்தக் காலத்திலயும் வந்ததுதானே?"

"ஆஸ்பத்திரியும் கிட்ட இல்ல. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

 அவர் சாப்பிட்டாரா என்று மட்டும் ராத்தா விசாரித்துவிட்டு வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. "என்ர பிழைதான் ராத்தா. அந்த முதல் கடுதாசி இல்லாட்டி அவர் அப்பவே வந்திருப்பார்."

"இல்ல மிஸ்." புதுக் கடிதத்தை நாலாக மடித்தார். "இந்த ஒரு வருசமா நான் குளத்தோட கோவிச்சுக்கொண்டு இருந்தன். அவரோட கோவமில்ல."

மடித்ததை என் கையில் திருப்பி வைத்தார்.

"நீங்க இதைத் திருத்தாமலே விட்டிருக்கலாம்."