மூக்கால் ஒயின் குடித்த கலியாணசுந்தரம்

எங்கள் வீட்டில் ஒயின் குடித்த ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. என் மகள் ஜெயா பிறந்தபோது மருத்துவச்சி பொன்னம்மா, பெற்ற உடம்புக்குச் சூடு வேண்டும் என்று டானிக் ஒயின் வாங்கிவரச் சொன்னார். மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பெராங்கில் அப்போது பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் பூண்டு, இஞ்சி, மஞ்சளோடு அந்தப் போத்தலும் வந்துவிடும். காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி. வாங்கி வந்த என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தார்.

"இதுல திராட்சையைவிட சீனிதான் கூட. மருந்துன்னா மருந்து மாதிரி குடி அஞ்சலை. ருசிக்குக் குடிக்காதே" என்றார்.

நான் ருசிக்கும் கொஞ்சம் குடித்தேன். அது வேறு கதை.

அவர் பெயர் கலியாணசுந்தரம். கிளேபாங் கடற்கரையில் தோட்டத் துரைமார் கூடுகிற கிளப் ஒன்றில், பாரில் வேலை. கிளாஸ் கழுவப் போனவர், பத்து வருஷத்தில் போத்தல் அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் அவர் நாக்கில் ஒரு சொட்டு பட்டதில்லை. எல்லாம் மூக்குதான். திறக்கிற போத்தல் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, ஒட்டியிருக்கும் தாளில் ஊர் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, வீட்டுக்கு வந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைப்பார். செர்ரிப் பழத்தை அவர் கண்ணால் கண்டதில்லை, அதனால் நாவல்பழம் என்று எழுதுவார். 'மங்குஸ்தீன் தோல்', 'பென்சில் சீவின தூள்', 'மழை விட்டதும் செம்மண் ரோடு' என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். யாராவது எடுத்துப் பார்த்தால் மனுஷனுக்குக் கிறுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நான் அம்மி அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துவார்.

"இந்தா பாரு, ஜெர்மனியில ரைன்னு ஒரு ஆறு. குளிர் ஊரு. அங்க ரீஸ்லிங்னு ஒரு பச்சைத் திராட்சை. குளிர் ஊருப் பழம் புளிக்கும், வெயில் ஊருப் பழம் இனிக்கும். இவ்வளவுதான் சூட்சுமம்."

"அப்ப நம்ம ஊர்ல கொடி வச்சா கற்கண்டா காய்க்குமே?"

"காய்க்காது. குளிர்காலத்துல கொடி தூங்கணும். நம்ம ஊர்ல வருஷம் பூரா வெயில், வருஷம் பூரா மழை. தூங்காத கொடி என்னத்தைக் காய்க்கும்?"

"நானுந்தான் தூங்கறதில்ல. உங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு வரலையா?" என்பேன். அதோடு பாடம் முடிந்துவிடும்.

ஒரு நாள், சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் நெஞ்சுக்கு நல்லது என்று கிளப்புக்கு வருகிற டாக்டர் துரை சொன்னதாகச் சொன்னார். அந்த டாக்டர் எத்தனை கிளாஸ் குடிக்கிறார் என்று கேட்டேன். ஏழு என்றார். மறுவருஷமே அந்த டாக்டர் ஈரல் வீங்கிச் சீமைக்குக் கப்பல் ஏறிப் போனார். "ஒரு கிளாஸ்ல மருந்து இருக்கலாம். ஆனா முதல் கிளாஸோட எந்திரிச்சுப் போனவனை நான் இன்னும் பார்க்கல" என்றார் என் வீட்டுக்காரர். குடிக்காதவர் சொல்கிற ஞாயம் என்று நான் சிரித்தேன், ஆனால் அவர் சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. அவருக்குத் தியாகு என்று ஒரு தம்பி இருந்தான். அவர்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு தீபாவளிக்கு யாரோ சம்சு சாராயம் வாங்கி வந்தார்கள். இவர் முகர்ந்து பார்த்திருக்கிறார். வார்னிஷ் மாதிரி ஒரு வாடை. தப்பு என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் எல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இருபது வயதுப் பையன் தான் என்ன சொல்வது என்று இவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தியாகுவுக்குக் கண் போனது, அதற்கடுத்த நாள் உயிரும் போனது. அதன் பிறகுதான் இவர் மலாக்காவுக்கு வந்து, எங்கள் தெருக்கோடி முனியாண்டி கோயிலில் இரண்டு சத்தியம் செய்தார். சொட்டு மதுவும் நாக்கில் படாது. கெட்டுப்போன சரக்கு என்று மூக்குக்குத் தெரிந்தால், எவர் முன்னால் என்றாலும் வாயை மூடிக்கொண்டிருக்கமாட்டேன்.

சுருட்டும் பீரும் படைக்கிற சாமியிடம் போய்க் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த ஒரே ஆள் என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். முனியாண்டிக்கே சிரிப்பு வந்திருக்கும்.

ஐம்பத்தேழாம் வருஷம் வந்தது. ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடி தைக்கிறார்கள், பெண்டஹாரா ரோட்டில் துணிக்கடைக்காரர்களுக்குக் கை ஓயவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் கலக்கம். துரைமார் பாதிப்பேர் ஊர் திரும்புகிறார்கள், கிளப் நம்மவர் கைக்கு வருகிறது, இனி பாரில் ஒரே ஆள்தான் என்று முடிவாகிவிட்டது. இருந்தது இரண்டு பேர்: இவரும் தேவதாஸும். தேவதாஸ் கல்யாணமாகாத பையன், கலகலப்பானவன், குடிக்கத் தெரிந்தவன். புதுத் தலைவராக வரப்போகிற வக்கீல் கணேசமூர்த்தியும், ஊருக்குக் கிளம்புகிற செயலாளர் துரையும் சேர்ந்து ஒரு பரீட்சை வைத்தார்கள். ஜூலை கடைசி ஞாயிறு மதியம் மூன்று கிளாஸ். எந்தத் திராட்சை, எந்த ஊர் என்று ருசித்துச் சொல்ல வேண்டும். சொன்னவனுக்கு வேலை, மற்றவன் வீட்டுக்கு.

"ருசிச்சுத்தான் சொல்லணுமாம்" என்றார் இவர். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஒரு வாய் நாக்குல வச்சுத் துப்பிட்டா என்ன?"

"சத்தியம்."

"ஜெயா படிப்பு?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் சட்டியை நங்கென்று வைத்தேன். பாரை விட்டால் இந்த மனுஷனுக்கு வேறு என்ன தெரியும்? போத்தல் முகர்கிறவனுக்கு மலாக்காவில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அப்புறம் நானே சொன்னேன், சாமியிடம் பூ கேட்கலாம் என்று. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சாமி சத்தியத்தை அந்த ஒரு நாளைக்கு அவிழ்த்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு வந்தால் மேலே பேச்சில்லை. அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பொட்டலம் கட்டினது நான். வழக்கமாக நந்தியாவட்டை வைப்பார்கள். அன்றைக்குப் பார்த்து அது கிடைக்காமல் பெண்டஹாரா ரோட்டில் மல்லிகை வாங்கினேன். சிவப்புக்கு வேலியில் பூத்த செம்பரத்தையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் அதை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் மல்லிகையை வைத்து, வாழையிலையில் இறுக மடித்து, நாரால் கட்டினேன். சாமியை ஏமாற்றுகிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முனியாண்டியும் குடும்பஸ்தர் கஷ்டம் அறிந்த சாமிதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கோயிலில் சாம்பிராணிப் புகை, சுருட்டுப் புகை, கற்பூரம். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் சாமி காலடியில் வைத்து எடுக்கச் சொன்னார். இவர் குனிந்தார். குனிந்தவர் சற்று நேரம் அப்படியே இருந்தார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தார். மல்லிகை.

"உத்தரவு கெடச்சிருச்சுலா!" என்று நான்தான் முதலில் கத்தினேன். அவர் பூவை என் தலையில் வைத்துவிட்டு நடந்தார்.

பரீட்சை நாளன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பியதும் எனக்கு அடுப்பு வேலை ஓடவில்லை. தியாகுவுக்காகச் செய்த சத்தியம். அதை என் புளுகுப் பூவை நம்பி அந்த மனுஷன் முறிக்கப்போகிறாரே! வேலை போனால் இன்னொன்று. இது போனால்? அடுப்பை அணைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பெச்சா ரிக்சாவைப் பிடித்து, "கிளேபாங்குக்கு ஓட்டு, சீக்கிரம்!" என்றேன்.

கிளப் சமையல்காரர் அலாவுதீன் பாய் பின்கட்டில் நின்றிருந்தார்.

"என்னா தங்கச்சி, இந்த வெயில்ல?"

"பாய், அவரை நான் பார்க்கணும். இப்பவே."

"பரீட்சை ஆரம்பிச்சிருச்சே. சத்தம் போடாம கதவோரமா நில்லுங்க. இங்கிலீசுல என்னா பேசுறாங்கன்னு நான் சொல்றேன்."

கதவு இடுக்கில் பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்த மேசை. தேவதாஸ் மூன்று கிளாஸையும் மிச்சமில்லாமல் குடித்து முடித்திருந்தான், முகம் பளபளத்தது. முதல் இரண்டில் ஒன்றைச் சரியாகவும் ஒன்றைத் தப்பாகவும் சொன்னானாம். மூன்றாவதை 'பிரான்ஸ் நாட்டு பர்கண்டி, அருமையான சரக்கு' என்றானாம். துரையும் ருசித்து அப்படியே சொன்னாராம், வக்கீலும் தலையாட்டினாராம்.

இவர் முதல் கிளாஸை எடுத்தார். அவர் கிளாஸை மூக்குக்குக் கீழே சுழற்றினார், கீழே வைத்தார்.

"எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மண்ணெண்ணெய். ரைன் நதிக்கரை ரீஸ்லிங், வயசான சரக்குன்றாரு" என்று பாய் காதோரம் சொன்னார். "மண்ணெண்ணெயாம்! துரை சிரிக்கிறாரு. ஆனா சரின்னுட்டாரு."

இரண்டாவதையும் முகர்ந்தார். நாவல்பழம், பென்சில் தூள். பிரான்சில் போர்தோ ஊர், கபெர்னே திராட்சை. அதுவும் சரி. ஆனால் வக்கீல் கையை உயர்த்தி ஏதோ சொன்னார்.

"ருசிச்சாத்தான் கணக்குன்னு சொல்றாரு தங்கச்சி."

இவர் மூன்றாவது கிளாஸைத் தூக்கினார். தூக்கினவர் உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "ஐயோ, வேணாங்க!" என்று கத்தப் போய், என் வாயை நானே பொத்திக்கொண்டேன். அவர் கிளாஸோடு அப்படியே நின்றார். முகம் சுருங்கியது. கிளாஸை மேசையில் வைத்துத் தள்ளிவிட்டார்.

"பர்கண்டிதான், பினோ திராட்சைதான், ஆனா கெட்டுப்போச்சுன்றாரு" என்றார் பாய், கண்ணை அகல விரித்து. "தக்கை கெட்டுச் சரக்கையும் கெடுத்திருச்சாம். மழையில நனைஞ்ச கோணி வாடையாம். இதைக் கொடுக்கிறது கிளப்புக்குக் கேவலம்ன்றாரு. ஆத்தாடி, துரை அருமைன்னு சொன்ன சரக்கை!"

துரையின் முகம் கிளாஸில் இருந்ததைவிடச் சிவந்துவிட்டது. ஆனாலும் இவர் சொன்னதை மாற்றவில்லை. அதே சரக்கில் இன்னொரு போத்தல் திறக்கச் சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வக்கீல் முகர்ந்தார், துரை முகர்ந்தார், தேவதாஸும் முகர்ந்தான். முதலில் சிரித்தது தேவதாஸ்தான்.

"நான் அந்தக் கோணியை முழுசாக் குடிச்சிட்டேனேலா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வக்கீல் எழுந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை பாய் சொல்லாமலே எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அவர் தமிழில்தான் சொன்னார்: "நாக்கால பார்த்த மூணு பேரும் ஏமாந்தோம். சாவியை நீரே வச்சுக்கொள்ளும்." தூக்கை அங்கேயே வைத்துவிட்டு நான் உட்கார்ந்து அழுதேன்.

(தேவதாஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பண்டார் ஹிலிரில் ஒரு ஹோட்டலில் சேர்ந்து, மறுவருஷம் கல்யாணமும் செய்துகொண்டான்.)

வீட்டுக்கு வரும்போது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் கூடவே நடந்தேன். மனசு கேட்கவில்லை.

"என்னங்க, அந்தப் பூ..."

"ரெண்டுலயும் மல்லிதானே?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். "தெரியுமா?"

"ரைன்ல விளைஞ்சது தெரியுது, பெண்டஹாரா ரோட்டுல வாங்குனது தெரியாதா? குனிஞ்சப்பவே ரெண்டும் மணந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல? வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டேன்னுதானே சத்தியம்?"

"கெட்டுப்போனா சொல்லுவேன்னுதான் சத்தியம்" என்றார். "மல்லியில என்ன கெட்டுப்போச்சு?"

அவர் சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு, பசிக்கிறது, தூக்கு எங்கே என்று கேட்டார். அதை நான் கிளப்பிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.