பந்திங்குக்கு இருபத்தொன்பது பேருந்துகள்

ரயில்வேயில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற முத்துக்குமாருவை, 1990இல் மலேசியாவின் ஷா ஆலாமில் ஒரு மின்கருவித் தொழிற்சாலை தலைமைக் குமாஸ்தாவாக எடுத்துக்கொண்டது. நிர்வாகம் அவரை மூன்று நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியது. நான்காம் நாள் தாம் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அவர் நிபுணர்.

தொழிலாளர்களை ஏற்றிவர எந்த ஊருக்கு எத்தனை பேருந்து என்று கம்ப்யூட்டரில் பட்டியல் போடுவது அவர் வேலை. பி ஒன்று என்ற கட்டத்தில் ஒரு பேருந்தின் இருக்கைகள், நாற்பத்து நான்கு. அதற்குக் கீழே, பி இரண்டில், ஷிப்டுகள் மூன்று. கிள்ளானிலிருந்து வரும் நாற்பத்து நான்கு பேரை பி ஒன்றால் வகுத்தார். ஒரு பேருந்து என்று சரியாக வந்தது. அதே சூத்திரத்தைக் கீழே இழுத்து நகல் எடுத்தார்.

சூத்திரமும் ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கியது. பந்திங்கின் எண்பத்தேழு பேரை இருக்கைகளால் வகுக்காமல் ஷிப்டுகளால் வகுத்து, இருபத்தொன்பது பேருந்து கேட்டது. கம்போங் மேடானின் நூற்று முப்பது பேரை, எதுவுமே இல்லாத பி மூன்றால் வகுக்கப் பார்த்து ‘எரர்’ என்றது. பேருந்து வேண்டாம் என்பதைத்தான் கம்ப்யூட்டர் அப்படிச் சொல்கிறது என்று முத்துக்குமாரு எடுத்துக்கொண்டார்.

பேருந்து காண்டிராக்டர் கன்னையா போன் செய்தார்.

“பந்திங்குக்கு இருபத்தொன்பதா பாஸ்? ஊரே வேலைக்கு வருதா?”

“கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. நீர் அனுப்பும்.”

கன்னையா பள்ளிப் பேருந்துகளையும் இரவல் வாங்கி, பதினேழு தேற்றினார். மறுநாள் காலை பந்திங் பெண்கள் பேருந்துக்கு ஐந்து பேராகக் கால் நீட்டித் தூங்கியபடி வந்து இறங்கினார்கள். கம்போங் மேடான்காரர்கள் பாதி வழி நடந்து, பத்து மணிக்கு வேர்த்துக்கொண்டு வந்தார்கள். முத்துக்குமாரு அன்று மதியம் கேண்டீனுக்குப் போகவில்லை.

பக்கத்து மேசை டைப்பிஸ்ட் சந்திரகலா, நகராமல் இருக்க வேண்டிய கட்டத்துக்கு டாலர் குறி போட வேண்டும் என்று சொன்னாள். அவர் சூத்திரத்தில் கண்ட இடமெல்லாம் டாலர் போட்டார். கிள்ளான் கணக்கு கல்லாகச் சமைந்து, எல்லா ஊருக்கும் ஒரே ஒரு பேருந்து என்றது. மறுவாரம் கம்போங் மேடானிலிருந்து நூற்று முப்பது பேர் அந்த ஒரே பேருந்தில் தொங்கி வந்தார்கள்.

“சார், சீட்டு கட்டத்த மட்டும் டாலர் போட்டுப் பூட்டுங்க. ஆளுங்க கட்டம் எறங்கட்டும் லா” என்று சொல்லி, சந்திரகலா தானே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். கிள்ளானுக்கு ஒன்று, பந்திங்குக்கு இரண்டு, கம்போங் மேடானுக்கு மூன்று.

மானேஜர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். முத்துக்குமாருவுக்கு முப்பது வருஷ அரசாங்க அனுபவம் கைகொடுத்தது. இது அமெரிக்கச் சரக்கு என்றும், அளவாக டாலர் வைத்தால்தான் சொன்னபடி கேட்கும் என்றும், அந்த அளவைத் தாமே ஆராய்ந்து கண்டுபிடித்ததாகவும் ஆங்கிலத்தில் விளக்கினார். மானேஜர் அசந்துபோய், பினாங்குக் கிளையில் பாடம் நடத்த அவரை ஒரு வாரம் அனுப்பிவைத்தார்.

அந்த வாரப் பட்டியலைச் சந்திரகலா போட்டாள். புதன்கிழமை கன்னையா போன் செய்து, மூன்று நாளாகக் கணக்கு ஒழுங்காக வருகிறதே, கம்ப்யூட்டருக்கு ஏதும் பழுதா என்று கவலையோடு விசாரித்தார்.