சட்டைப் பையில் ஃபியூஸ்

ரேடியோக்காரர் முதலில் வயர்லெஸ் செட்டின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வார். அப்புறம்தான் வண்டியில் கை வைப்பார். "இது என் பையில இருக்குற வரைக்கும் செட்டு வெறும் டப்பா சார். எதைத் தப்பாத் தொட்டாலும் எரியாது" என்பார்.

மலையேறும் ஜீப்புகளுக்கு வயர்லெஸ் மாட்டித் தருவது ரேடியோக்காரரின் தொழில். வயது அறுபதுக்கு மேல். செல்போன் எடுக்காத இடங்களுக்குப் போகிறவர்கள் இவரிடம்தான் வந்தாக வேண்டும். நில அளவை வேலைக்காக அலைகிற நானும் வந்தேன். அரை நாள் வேலை என்றார்கள். இது இரண்டாவது நாள். பேச ஆள் கிடைத்தால் மனிதர் லேசில் விடுவதில்லை.

பேட்டரியிலிருந்து நேராக லைன் இழுப்பார். இரும்புத் தகட்டில் துளை போட்டால் அதற்கொரு ரப்பர் வளையம். போகிற வழியெல்லாம் ஒயரைக் கொஞ்சம் தொங்கவிடுவார். இழுத்துக் கட்டினால் பார்க்க நன்றாக இருக்குமே என்று வாயை விட்டேன். "மேடு பள்ளத்துல வண்டி முறுக்கும் சார். விறைப்பா கட்டினா முதல் நாளே அத்துக்கும்." அத்தோடு யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

மாட்டினால் போதாது, கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மறுமுனையில் ஓர் ஆள் தேவை. முன்பெல்லாம் இவருடைய மனைவிதான் சமையலறையிலிருந்து வாக்கிடாக்கியில் பேசுவாராம். ஒரு தடவை இவருடைய அழுக்குச் சட்டைக்கு விழுந்த திட்டு, காட்டுக்குள் ரோந்து போன நாலு ஜீப்புகளுக்கும் கேட்டுவிட்டது. "அந்த டிரைவருங்க இன்னைக்கும் முதல்ல என் சட்டையைத்தான் பார்ப்பானுங்க" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று மகன் வீட்டுக்குப் போன அந்த அம்மாள், இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறார். இப்போது இவரே வாக்கிடாக்கியின் பொத்தானை ரப்பர் பேண்டால் அழுத்திக் கட்டி, சமையலறைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துவிடுகிறார். வண்டியைத் தெருமுனைக்கு ஓட்டிப் போய்க் காது கொடுத்துக் கேட்கிறார். டிக் டிக் தெளிவாக வந்தால் வேலை முடிந்தது. கேட்டபோது எனக்கு மனசே சரியில்லை.

"வீட்டம்மாகிட்ட போன்ல பேசலாமே?" என்றேன்.

"போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறாங்க சார். அப்புறம் யாரு கேக்குறது? இதுல அப்படி இல்ல. ஓவர்னு சொல்லிட்டுக் கையை எடுத்தா, அவ முடிக்கிற வரைக்கும் நான் கேட்டுத்தான் ஆகணும்."

பதினொரு மணிக்கு அந்த அம்மாளிடமிருந்தே போன் வந்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு பானட் மேல் வைத்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"சின்னவன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சுட்டான். எனக்கு இங்க பெருசா வேலை இல்ல. இவங்க இங்கேயே இருந்துடுங்கன்னு சொல்றாங்க. வர்றதுன்னா இன்னைக்கே டிக்கெட் போடணுமாம். என்ன சொல்றீங்க?"

அவர் வாயைத் திறந்தார். அதே நேரத்தில் அங்கிருந்து, "ஹலோ, கேக்குதா?" என்று குரல் வந்தது. திறந்த வாய் மூடிக்கொண்டது.

"உன் இஷ்டம்" என்றார்.

"எல்லாத்துக்கும் இதே பதில்தான். சரி, வைக்கிறேன்" என்றார் அந்த அம்மாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். சமையலறையில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

திரும்பி வந்தபோது அவர் என் ஜீப்பில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையின் பொத்தான் மாட்டியபடியே இருந்தது. உள்ளே ஃபியூஸ் புடைத்துக்கொண்டு தெரிந்தது. மைக்கை வாயருகே பிடித்து அதன் பொத்தானை அழுத்தினார்.

"வந்துடு. தனியா இருக்க முடியல. ஓவர்."

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.